தண்ணீர் தொட்ட கிழங்குகள்

“தொட்டியில என்னென்ன மருந்து கலந்தீங்களோ, அதோட பட்டியல் எனக்கு வேணும் ஆரி மாமா. அப்பா இங்க வேலை பாத்த இருபத்தாறு வருஷத்துக்கும்.”

கேட்டுவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாளோ, அதைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற வாக்கிலேயே கேட்டுவிட்டாள் அஃப்ரா.

ஆரி காபி ஊற்றினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் ஒன்றை எடுத்ததும் மூடினார். முதலாளி வீடானாலும் கூலிக்காரன் வீடானாலும் இந்த ஊரில் ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட்தான். அந்த ஒன்றில் மட்டும் எல்லோரும் சமம்.

“உக்காரும்மா. படிச்சவங்க எல்லாம் நின்னுக்கிட்டேதான் பேசுவீங்களா?”

அவள் உட்காரவில்லை. அலுவலக அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய கொட்டகை தெரிந்தது. வெளியே ஜனவரி, வாய்க்கால் ஓரமெல்லாம் பனி பிடித்து வயல் விறைத்துக் கிடந்தது. கொட்டகைக்குள் மட்டும் ஏப்ரல். தட்டுத் தட்டாகத் தண்ணீரில் நிற்கும் டூலிப்புகள், பச்சை மொட்டு இறுகிப்போய், லட்சக்கணக்கில். பதினைந்து வாரம் இருட்டுக் குளிரறையில் போட்டு, பனிக்காலம் வந்து போய்விட்டது என்று கிழங்கை நம்பவைக்க வேண்டும். பிறகு வெளியே கொண்டுவந்து சூடும் வெளிச்சமும் காட்டினால் மூன்றே வாரத்தில் மொட்டு விட்டுவிடும். ஆரியின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிழங்குகளை ஏமாற்றிப் பிழைக்கிறது. கிழங்குகளை மட்டும்தான் என்று அஃப்ரா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“சீம் கேக்கச் சொன்னானா?” என்றார் ஆரி.

“இல்ல. அப்பா கேக்க மாட்டாரு.”

“அதானே பாத்தேன். சீமை எனக்குத் தெரியாதா? நானும் அவனும் சின்ன வயசுல ஒண்ணா ஐஸ்ல சறுக்கி விழுந்தவங்க.”

“விழுந்தது ரெண்டு பேரும்தான் மாமா. எந்திரிச்சது நீங்க மட்டும்.”

ஆரி சிரித்தார். நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும் சிரிப்பு. நல்ல மனிதர்தான், அதிலும் பொய்யில்லை. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு குண்டான் பட்டாணி சூப்போடு வருகிறவர். சூப்பைக் கொடுத்துவிட்டுத் தோளைத் தட்டி, ‘சீசன் முடியட்டும் சீம், உக்காந்து பேசுவோம்’ என்பார். சீசன் மூன்று முறை முடிந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். பொறுத்தது சீம். பூமி ஆரியுடையது.

“அந்த நஷ்டஈடு ஆபீஸ்ல என்ன கேக்கறாங்க?”

“வேலையாலதான் இந்த நோய் வந்ததுன்னு அவங்க ஒத்துக்கணும்னா, எந்த மருந்து, எத்தனை வருஷம்னு காகிதம் வேணுமாம். மாசக் கடைசிக்குள்ள.”

“இன்னும் ஒம்பது நாள் இருக்கு.” காபியைக் கலக்கினார். “அந்தக் காகிதம் எல்லாம் இல்லம்மா. இத்தனை வருஷம் வச்சிருந்தாப் போதும்னு சட்டம் இருக்கு. அதுக்கு மேல வச்சா எலிதான் தின்னும். போன கோடையில கொட்டகையை ஒழிச்சப்போ மொத்தமாப் போயிருச்சு. நீ முன்னாடியே கேட்டிருக்கணும்.”

“கோடையில எப்போ?”

“ஜூன்னு நினைக்கறேன்.”

“மே மாசம் நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க. பொறு சீம், ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம்னு சொன்னீங்க. நான்தான் கதவு திறந்துவிட்டேன்.”

கொட்டகையில் வண்டி ஒன்று தட்டுகளோடு கடந்து போனது. அது கடக்கும்வரை ஆரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரம்தான் உங்க வயசுக்கு வியாதி,” என்றார் கடைசியில். “கிழங்கைப் பாத்துக் கத்துக்கணும் அஃப்ரா. ஒரு வாரம் முந்தி வெளிய எடுத்தா என்ன ஆகும்? உனக்கே தெரியும். தண்டு நீளாது, இலைக்குள்ளயே மொட்டு கருகிரும். எல்லாத்துக்கும் அததுக்கு ஒரு நேரம்.”

மேசைமேல் இரண்டாக வெட்டின கிழங்கு ஒன்று கிடந்தது. குளிரறையிலிருந்து அடுத்து எடுக்கவேண்டிய தவணைக்கு மாதிரி பார்த்தது. வெள்ளைச் சதைக்கு நடுவே அரிசி முனை போல ஒரு குட்டிப் பூ. அஃப்ரா அதில் ஒரு பாதியை எடுத்தாள்.

“இதை எதுக்கு வெட்டுனீங்க?”

“உள்ள பூ நல்லா இருக்கான்னு பாக்க.”

“பாத்தீங்களா! நீங்க பொறுமையா இருக்கல மாமா. வெட்டிப் பாத்துட்டு, பூ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் காத்திருக்கீங்க. எங்க வீட்டுலதான் வெட்டிப் பாக்காமயே காத்திருந்தோம்.”

அவர் முகம் மாறியது. எழுந்து அலமாரியிலிருந்து நீல அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

“பேசத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா. இதையும் படி.”

வருஷத்துக்கு ஒரு தாள். ‘கையுறையும் முகமூடியும் கொடுக்கப்பட்டன. வேலை நேரம் முழுவதும் அணிந்திருந்தேன். எனக்குக் கீழே வேலை செய்தவர்களும் அணிந்திருந்தார்கள்.’ ஒவ்வொன்றின் அடியிலும் அப்பாவின் கையெழுத்து. முதல் தாள்களில் திடமாக, கடைசித் தாள்களில் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி.

“இந்தக் காகிதத்தை மட்டும் எலி தின்னலையா?”

“அது வேற கோப்பு.” ஆரி குரலை உயர்த்தவில்லை. “கையுறை நான் பெட்டி பெட்டியா வாங்கி வச்சேன். போடாதன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னது யாருன்னு வீட்டுக்குப் போய் உங்கப்பனைக் கேளு.”

கேட்கத் தேவையில்லை. அவளுக்கே தெரியும். பதின்மூன்று வயதில் அக்டோபர் லீவுக்கு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவளும் இங்கே தட்டு ஊசிகளில் கிழங்கு குத்தி நிறுத்த வந்தாள். கொட்டகையின் பின்பக்கம் மருந்துத் தொட்டி. இளஞ்சிவப்பாய், பால் மாதிரி நுரைத்த தண்ணீர். அப்பா மேஸ்திரி. முழங்கைவரை வெறுங்கையை விட்டுக் கிழங்கு வலைகளைத் தூக்குவார். புதிதாகப் போலந்திலிருந்து வந்தவர்கள் கையுறை மாட்டினால் கேலி செய்வார். ‘என்ன, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா? கழட்டுங்கப்பா. அதைப் போட்டுக்கிட்டு ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி எப்படி முடியும்?’ எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். அப்பா எவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறார் என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிஸ்கட்டைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கொட்டகை வழியாகத்தான் போகவேண்டும். பூ பிடுங்கிக் கட்டும் மேசையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். “ஏய் படிப்பாளி!” என்று ஒரு குரல். போஜெனா. பதினாறு பனிக்காலமாகப் போலந்திலிருந்து இங்கே வருகிறவள். அஃப்ராவுக்குப் பதின்மூன்று வயதில் கிழங்கு குத்தச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

“கண்ணாடி ரூம்ல என்ன சத்தம்? முதலாளி மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கு. உனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாரா?”

“பாத்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“நல்ல வேலை பண்ண. அவன் பையனுங்க எல்லாம் அழுகின கிழங்கு.” சிரித்தாள். வலது கை மட்டும் பூக்களைக் கொத்தாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. இடது கை ஏப்ரன் பைக்குள்ளேயே இருந்தது. அஃப்ராவின் பார்வை அங்கே போனதைக் கவனித்தவள், பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் கையை வெளியே எடுத்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தானாக ஆடிக்கொண்டிருந்தன.

“எத்தனை நாளா?”

“இலை உதிர்ற காலத்துல இருந்து. குளிரு, ஒண்ணுமில்லன்னாரு முதலாளி.” குரலைத் தாழ்த்தினாள். “உங்கப்பாவுக்கும் முதல்ல குளிருன்னுதானே சொன்னாங்க?”

போஜெனா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கொத்தைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

வீடு மூன்று தெரு தள்ளி. செங்கல் வரிசையில் ஒன்று. இந்த ஊரில் யாரும் தெருப்பக்க ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும், எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பது மாதிரி. அஃப்ராவின் வீட்டு ஜன்னல் விளிம்பில் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நீலக் காகிதத்தில் கூம்புத் தொப்பி.

அது அப்பாவின் வேலை. ஒவ்வொரு அக்டோபரும் பன்னிரண்டு ஹையசின்த் பூக்கிழங்குகளை இடுப்பு ஒடுங்கின குடுவைகளில் உட்கார வைப்பார். மண் கிடையாது, தண்ணீர் மட்டும். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடவே கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும். வேர் தானாகத் தண்ணீரைத் தேடி இறங்கும். மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இரண்டரை மாதம். பிறகு தொப்பி போட்டு ஜன்னலுக்கு வரும். முளை ஒரு விரல் நீளம் வளர்ந்து, தொப்பியைத் தானே மேலே தூக்கவேண்டும், அதுவரை எடுக்கக்கூடாது. முந்தி எடுத்தால் பூ கழுத்திலேயே சிக்கிக் குட்டையாக நின்றுவிடும். ஜனவரி பாதியில் ஊரில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் குடுவை எப்போதும் ஆரி வீட்டுக்கு.

உள்ளே நுழைந்ததும் வாடை அடித்தது. போன வாரமும் அடித்தது. சாக்கடை என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா ரீயா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் செய்தி வந்துவிட்டது என்பது உரிக்கிற வேகத்திலேயே தெரிந்தது.

“கேட்டுட்டியாமே?”

“ஆமா.”

“உன்னப் படிக்க வச்சது எங்க மானத்தை வாங்கறதுக்கா?”

“வேற எதுக்குன்னு நீங்க யாரும் சொல்லலையே.”

“வாய்! அந்த வாய்க்குத்தான் பட்டம் குடுத்திருக்கானுங்க.” அம்மா கத்தியை வைத்தாள். “நாளைக்குக் கோயில்ல நான் எங்கடி உக்காருவேன்? ஆரி பெண்டாட்டி பக்கத்துலயா?”

“அவங்கள எந்திரிக்கச் சொல்லு.”

அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மடியில் கை இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று ஆட, இன்னொன்று அதை அடக்குவதாக நினைத்துக்கொண்டு அதுவும் ஆட. குரலும் இப்போது பாதியாகிவிட்டது. அவர் பேசினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும்.

“என்ன சொன்னாரு?” என்றார்.

“காகிதம் எல்லாம் போன ஜூன்ல போயிருச்சாம். நீ கையெழுத்துப் போட்டது மட்டும் பத்திரமா இருக்கு.”

அப்பா தலையாட்டினார். தலையாட்டினாரா, தலை ஆடியதா தெரியவில்லை.

“பொறு பாப்பா. யோசிச்சு ஒரு வழி...”

“இதுங்க எப்பப்பா பூக்கும்?” அவள் குடுவைகளைக் காட்டினாள். “ஜனவரி இருபத்திரண்டு ஆச்சு. ஒரு தொப்பி கூட எழும்பல.”

“இன்னும் நேரம் வரல.”

“அஃப்ரா, அதைத் தொடாத!” அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். அவ்வளவு அவசரமாகக் கத்தியதால்தான் அஃப்ரா முதல் தொப்பியை எடுத்தாள்.

கிழங்கு பழுப்பாய்க் குழைந்து, சாம்பல் பூஞ்சை படர்ந்து உட்கார்ந்திருந்தது. குடுவைத் தண்ணீர் பாசிக் கஞ்சி மாதிரி. அடுத்த தொப்பி. அதுவும். அடுத்தது. பன்னிரண்டும். வாடை அறை முழுக்கப் பொங்கியது. வெளியே சைக்கிளில் போன அடுத்த வீட்டுக்காரர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக் கை தூக்கினார். அப்பா பதிலுக்குக் கை தூக்க முயன்றார். முடிவதற்குள் சைக்கிள் போய்விட்டது.

“தண்ணி ஊத்தறப்போ கை நிக்கல,” என்றார் அப்பா. “எல்லாத்துலயும் மேல வரைக்கும் போயிருச்சு. அடியைத் தொட்டுருச்சு. திரும்பக் கொட்டப் பாத்தேன், அதுவும் முடியல.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தியே.”

“அப்புறம் எதுக்கு இதுக்கெல்லாம் தொப்பி?”

“தெருவுல கேக்கறாங்க பாப்பா, சீம், பூ எப்ப வரும்னு. தொப்பி இருந்தா, இன்னும் வரப்போகுதுன்னு நினைச்சுக்குவாங்க. எனக்கும் காலைல எந்திரிச்சுப் பாக்க நல்லா இருந்துச்சு.”

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக இரண்டு பேரும் பன்னிரண்டு பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சாக்கடை என்று சொல்லிக்கொண்டு. அஃப்ராவுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. காலைப் பிடித்துக் கெஞ்சவேண்டும் போலவும் இருந்தது, குடுவைகளைத் தூக்கித் தெருவில் போடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“காகிதம் இல்லன்னா தொழிலாளியே எழுதித் தரலாம்னு போட்டிருக்கு. எதுல கை விட்டேன், எத்தனை வருஷம், கையுறை இருந்துச்சா, யாரு போட வேணாம்னு சொன்னாங்க. நீ சொல்லு, நான் எழுதறேன்.”

“கையெழுத்துப் போட்டிருக்கேனே, கையுறை போட்டுக்கிட்டேன்னு.”

“பொய்யாப் போட்டேன்னு சொல்லு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் போட்டாங்க.”

“எனக்கு மட்டும்னா சொல்லிருவேன்.” அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. “நான் மத்தவங்களையும் கழட்டச் சொன்னேன் பாப்பா. உனக்கே தெரியும், நீ அங்க நின்ன. இருபது பேர் இருக்கும். அதை என் வாயால சொல்லச் சொல்றியா? இந்த ஊர்ல எனக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேர் ஒண்ணுதான். சீம் நல்ல மேஸ்திரின்னு.”

“போஜெனாவுக்குக் கை ஆடுதுப்பா.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இடது கை. சுண்டுவிரல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. உனக்கு ஆரம்பிச்ச மாதிரியே.”

அப்பா ஜன்னலைப் பார்த்தார். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அஃப்ரா காத்திருந்தாள். வாழ்நாளில் யாருடைய வார்த்தைக்கும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

“குளிரா இருக்கும்,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஆரி சொன்ன அதே வார்த்தை. ஆரி தன் சொத்துக்காகச் சொன்னார், அப்பா தன் பேருக்காகச் சொல்கிறார். போஜெனாவின் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அஃப்ரா குனிந்து, அவர் மடியிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ‘உடனிருந்து பார்த்தவர் நிரப்ப வேண்டியது.’ போன மாதமே அதைப் படித்திருந்தாள். படித்தும் படிக்காதவள் போல மடித்து வைத்திருந்தாள்.

“நான் எழுதப் போறேன்பா. போஜெனாவையும் கூட்டிட்டுப் போறேன். தொட்டியைப் பத்தி, ஆரியைப் பத்தி, எல்லாம். கழட்டச் சொன்னது யாருன்னு கேட்டிருக்கு. உன் பேரை எழுதுவேன்.”

“ஏன்டி, பெத்த அப்பனையாடி!” அம்மா கையிலிருந்த உருளைக்கிழங்கு தரையில் விழுந்து உருண்டது. “அவர் இன்னும் எத்தனை நாளைக்குடி? கொஞ்சம் பொறுத்தா என்ன? அவர் போன பிறகு எழுதேன், யாரு கேக்கப் போறா!”

“அதுக்குள்ள போஜெனா கரண்டி பிடிக்க முடியாமப் போயிருவாம்மா.”

“அவ யாருடி நமக்கு?”

அஃப்ரா கோட்டை இன்னும் கழற்றியிருக்கவே இல்லை. பொத்தானை மட்டும் போட்டுக்கொண்டாள். இதனால் அப்பாவின் நடுக்கம் நிற்கப்போவதில்லை. பணம் வருமா என்பதும் சந்தேகம். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு ஒருத்தரும் அப்பாவைப் பார்த்துக் கை தூக்கமாட்டார்கள். திரையில்லாத ஜன்னலுக்குப் பின்னால் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தேதான் போகிறாள்.

“பாப்பா,” என்றார் அப்பா. “சாப்பிட்டுட்டுப் போ.”

அவர் எழ முயன்றார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, முன்னால் சாய்ந்து, ஒருமுறை, இரண்டுமுறை ஆடி, மூன்றாவது முறைதான் உடம்பு எழும்பும்; அதற்கப்புறமும் கால் தரையை விட்டு நகர ஒரு நிமிஷம் ஆகும். அவளை நிறுத்துவதற்கா, கதவு திறந்துவிடுவதற்கா தெரியாது. கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. அவர் வந்து சேரும்வரை நின்றால் தன்னால் போகமுடியாது என்பது மட்டும் அஃப்ராவுக்குத் தெரிந்தது.

அவள் நிற்கவில்லை.